பன்னிரண்டுக்குக் கீழே

தராசு காட்டிய எண் பதினொன்று புள்ளி நான்கு. இன்னும் மூன்று நாள் அது பன்னிரண்டுக்குக் கீழேயே நின்றால் கடல் போய்விடும்.

இளம்பரிதி காலையிலிருந்து எட்டு முறை திரையைப் பார்த்துவிட்டான். எண் அசையவில்லை. கோரைமுனை மீன் ஏலக்கூடத்தின் மூலையில் அவனுக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு திரை. பதவி, சரிபார்ப்பாளர். தராசு சொல்வதைப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்திடுவது வேலை. பதினோரு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தான். வயது முப்பத்தொன்று. யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வான்.

ராமநாதபுரத்திலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய ரகோத்தமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தராசு நிறுவனத்தின் வட்டார இயக்குநர். சென்னைக்காரர். வெயிலைத் தவிர வேறு எதன்மேலும் அவருக்குக் கோபம் கிடையாது.

“சனிக்கிழமை சாயங்காலம் கையெழுத்து போட்டுடு பரிதி. அதோட இந்த ஊர் வேலை முடிஞ்சுது.”

“மத்த நாலு ஊர் என்னாச்சு சார்?”

“நாலும் கீழதான். நாட்டோட மொத்தக் கடற்கரைக்கும் மாதிரியா எடுத்தது அஞ்சே ஊர். இது அஞ்சாவது. இதுவும் விழுந்தா நாடு ‘வறியது’ன்னு அறிவிச்சுடுவாங்க. அரசாங்கம் எப்பவோ ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாச்சு.”

“அறிவிச்சா உதவி வரும்னு ஊர்ல நினைச்சுட்டு இருக்காங்க.”

“வரும். கடலைப் பயன்படுத்தத் தெரியாதவங்க கைலேர்ந்து எடுத்து, தெரிஞ்சவங்க கைல அறுபது வருஷத்துக்குக் குடுப்பாங்க. அதுவும் உதவிதானே?”

அவர் சிரிக்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. அவரிடம் இருந்த நல்ல குணம் அது.

“அந்தக் காலத்துல ஒரு நாடு ஏழையா இல்லையான்னு அந்தந்த நாடே புள்ளிவிவரம் குடுக்கும். பாதி கதை. தராசு யாரையும் போய்க் கேக்காது. எடைமேடையில என்ன ஏறுது, எத்தனை நாள் வேலைக்குப் போறாங்க, அடுப்பு எத்தனை தடவ எரியுது, வீட்டுக்குள்ள என்ன பேசிக்கறாங்க, எல்லாத்தையும் மூணு வருஷம் சும்மா கேட்டுட்டே இருக்கும். அதுல பேச்சுக்குத்தான் பாதி மதிப்பெண். ஏன் தெரியுமா? கணக்கெடுக்க வர்றவன்கிட்ட மனுஷன் பொய் சொல்லுவான். பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்ல மாட்டான்.” கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். “நம்மளது ஏழை நாடுப்பா. ஒத்துக்கறதுல என்ன வெக்கம்?”

இந்த வாக்கியத்தை இளம்பரிதி ஏற்கனவே கேட்டிருந்தான். பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஓர் ஆஸ்பத்திரி நடையில். மனைவி சுடர்க்கொடிக்கு ஒரே ஓர் ஊசி மருந்து தேவைப்பட்டது. ‘ஏழை நாடு தம்பி, அதுக்கெல்லாம் நாம எங்க போறது’ என்றார் டாக்டர். அந்த மருந்து அதே நெடுஞ்சாலையில் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு தொழிற்சாலையில் தயாராகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குப்பியும் கப்பலுக்கு. உள்ளூரில் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம். அவளை எரித்துவிட்டுத் திரும்பும்போது அந்தத் தொழிற்சாலை வாசலில் பஸ் நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள்.

“முப்பது கிலோமீட்டர்தான் சார்” என்றான்.

“எது?”

“ஒண்ணுமில்ல.”

அன்று பௌர்ணமியை ஒட்டிய ஆறு நாட்களில் கடைசி நாள். பகல் ஒரு மணிக்குப் பாசி எடுக்கப்போன பெண்கள் கரையேறினார்கள். கண்களில் நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிச்சுற்று, சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை. ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் ஒரு வலைப்பை. எல்லாருக்கும் முன்னால் இருதயமேரி வந்தாள். நாற்பது வயது. பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. தேர்தல் எதுவும் நடந்ததில்லை. சத்தம் அதிகம் என்பதால் ஆனாள்.

“என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?”

“இன்னைக்கு எவ்வளவுக்கா?”

“ஒண்ணுமில்ல தம்பி. வெறுங்கையாத்தான் வாறோம்.”

அவள் முதுகுக்குப் பின்னால் மரிக்கொழுந்துப் பாசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. இன்னும் இரண்டு பேர் பையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது என்னக்கா?”

“எது? அதா? அது சும்மா, காலுல சுத்துனது.”

பெண்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வீடு வீடாக மாட்டியிருந்த தராசின் பெட்டி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தானா என்ற எண்ணம் அவனுக்குள் மெல்ல ஏறியது.

“பக்கத்து வீட்டுல கேட்டாலும் இப்படித்தான் சொல்லுவீங்களா?”

“பக்கத்து வீட்டுலதான் முக்கியமாச் சொல்லணும்” என்றாள் நூருன்னிசா. பத்து வருடமாக இருதயமேரியின் கூட்டாளி, பத்து வருடமாகச் சண்டைக்காரி. “நல்ல பாடு, பை நெறஞ்சுச்சுன்னு இவகிட்டச் சொன்னேன்னு வைங்க, நாளைக்கு என் இடத்துல இவ தலைதான் மெதக்கும்.”

“இவ கண்ணு பட்டுச்சுன்னா பாசி என்ன, பாறையே வெடிச்சுப்போகும்” என்றாள் இருதயமேரி. “இருக்குன்னு வாயால சொல்லவே கூடாது தம்பி. வீட்டுக்காரர் கேட்டாலும் இல்லதான். சாமியார் கேட்டாலும் இல்லதான்.”

அவன் மேசைக்குத் திரும்பினான். திரையில் ஒரு வசதி உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்தால் மூன்று வருடத்தில் அதை யார் எத்தனை முறை சொன்னார்கள் என்று காட்டும். ‘ஒண்ணுமில்ல’ என்று அடித்தான். ஊரில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள். சூரிய விளக்கு கொடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி மாட்டியிருந்தார்கள். அந்தச் சொல் நான்கரை லட்சம் முறைக்கு மேல் வந்திருந்தது. அத்தனை முறையும் தராசு அதை அப்படியே நம்பி, எண்ணை ஒரு மயிரிழை கீழே இறக்கியிருந்தது.

பட்டியலின் கடைசியில் இருநூற்றுப் பதின்மூன்றாவதாக ஏலக்கூடத்துப் பெட்டி. அவன் தலைக்கு மேல் தொங்குவது. ஒரே குரல், பதினோரு மாதம், இரண்டாயிரத்து நூறு முறை. சாப்டீங்களா தம்பி, ஒண்ணுமில்லக்கா. என்ன யோசனை, ஒண்ணுமில்ல. அவனும் இந்த நாட்டை அவன் பங்குக்குக் கீழே இறக்கியிருந்தான்.

கொஞ்ச நேரம் திரையை அணைத்து வைத்தான். பிறகு போட்டான்.

ரகோத்தமன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“சுவாரஸ்யமா இருக்கு. ஆனா பேச்சு பாதிதான் பரிதி. மீதி பாதியிலயும் அடி. மாசத்துல பன்னெண்டு நாள்தான் கடல்ல எறங்கறாங்க. பதினெட்டு நாள் சும்மா உக்காந்திருக்காங்க. தராசு என்ன நினைக்கும்? எடுக்கத் தெம்பில்லன்னு நினைக்கும்.”

“அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு. மத்த நாள் எறங்கக் கூடாதுன்னு அவங்களே வெச்ச கட்டுப்பாடு சார். பாசி திரும்ப வளரணும். மீன் அதுலதான் முட்டை போடுது.”

“எடுக்காம விட்டதை எங்க எழுதறது? அதுக்கு ஒரு கட்டம் இல்லையே.” குரலைத் தணித்தார். “ஒரு வழி சொல்றேன், நான் சொன்னேன்னு வேண்டாம். நாளை, நாளன்னிக்கு, அடுத்த நாள். மூணு நாளும் எல்லாரும் எறங்கி வேரோட வாரி எடைமேடையில ஏத்தட்டும். பன்னெண்டரை வரும். கடல் பொழைச்சுடும்.”

“பாசி?”

அவர் டீயைக் குடித்து முடித்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வலைக்கொட்டகையில் எழுபது பெண்கள் கூடினார்கள். இளம்பரிதி எழுந்து நின்று சுருக்கமாகச் சொன்னான். எண் என்ன, விழுந்தால் என்ன ஆகும், எப்படி ஏற்றலாம். கூடவே இன்னொன்றும் சொன்னான். இப்படிச் சொல்வது அவன் வேலைக்கு விரோதம்.

முதலில் எழுந்தது நூருன்னிசா. “எறங்குவோம். மூணு நாள்தான? என் மக ரெண்டாம் வருஷம் நர்சிங் படிக்கிறா. கடலு போச்சுன்னா நான் எங்க போயி நிக்க? பாசி போனா ரெண்டு வருஷத்துல திரும்ப மொளைக்கும். கடலு போனா மொளைக்குமா?”

பலர் தலையாட்டினார்கள். அவள் சொன்னதில் தப்பில்லை.

“சரி, இந்த வருஷம் வாருனோம்” என்றாள் இருதயமேரி. “அடுத்த வருஷம் அளக்க வருவானா, மாட்டானா?”

“வருவாங்க” என்றான் இளம்பரிதி.

“அப்ப எங்கிட்டுப் போயி வாருறது? மொட்டப் பாறையவா? அன்னைக்கு நெசமாவே ஏழைன்னு எழுதிருவான், நம்மளும் வாயப் பொத்திக்கிட்டு நிக்கணும்.” அவன் பக்கம் திரும்பினாள். “ஏந் தம்பி, ஒண்ணு கேக்குறேன். வாரி எடுக்குறவன் பணக்காரன், விட்டு வைக்கிறவன் ஏழை. இது எந்த ஊரு நாயம்?”

“தராசு அப்படித்தான்க்கா பார்க்குது.”

“அதுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சா?”

“கடலுக்கடியில அதுக்குக் கண்ணு கிடையாது. காதுதான் இருக்கு.”

அவன் ஒரு தகவலாகத்தான் சொன்னான். இருதயமேரி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

“காது இருக்குல்ல? பெறகென்ன? பேசுவோம்.”

 எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். வாய்விட்டுச் சொல்வதா? எது எங்கே கிடக்கிறது, எவ்வளவு கிடக்கிறது என்றா? ஊர்க்கண் எல்லாம் பட்டு நாசமாய்ப் போகாதா?

“இடத்தச் சொல்லாதீக. இருக்கறத மட்டும் சொல்லுங்க” என்றாள் இருதயமேரி. “கண்ணு பட்டாப் படட்டும். கடலே போகப்போகுது, கண்ணுக்குப் பயந்துக்கிட்டு!”

நூருன்னிசா நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சுத்திப்போட்டுட்டுப் பேசுவோம்” என்றாள் கடைசியில்.

அப்படித்தான் நடந்தது. வெள்ளிக்கிழமை பகலில் ஏலக்கூடத்தில் மேசையைச் சுற்றி எழுபது பேரும் நிற்க, நூருன்னிசா மிளகாயும் கல்லுப்பும் எடுத்துக் கடலைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றினாள். ஒரு சந்தேகத்துக்குப் பெட்டிக்கும் ஒரு சுற்று. மிளகாய் அடுப்பில் வெடித்தபோது ரகோத்தமன் தும்மிக்கொண்டே வெளியே ஓடினார்.

முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. வருடக்கணக்கில் ‘இல்லை’ என்று பழகிய நாக்கு.

“ஏ பெட்டி” என்றாள் இருதயமேரி. “நல்லாக் கேட்டுக்க. நான் முந்தாநேத்து நாப்பது கிலோ எடுத்தேன். எடுக்காம விட்டது, அதே இடத்துல, நானூறு கிலோ. கைக்கு எட்டுற தூரந்தான். எடுக்கல. என் இஷ்டம்.”

எண் பதினொன்று புள்ளி ஐந்து ஆனது.

“அடியாத்தீ, நானூறாம்ல!” என்றாள் நூருன்னிசா. “இவளுக்கு நானூறுன்னா நான் பாக்குற எடத்துல ஆயிரம். கஞ்சிப்பாசி தனி. மீன் குஞ்சு மணல் மாதிரி நிக்கிது. உள்ள எறங்குனா ஒடம்பெல்லாம் கூசும்.”

“என் எடத்துல கட்டக்கோரைப் பாசி ஆள் உசரம்!”

“போடி, உன் உசரத்த வச்சு அளந்தா கோழிக்குஞ்சுகூட ஆள் உசரந்தான். என்கிட்ட வா, ரெண்டாளு உசரம்!”

இதற்குப் பிறகு யாரும் நிறுத்தவில்லை. சங்கு, சிப்பி, கடற்குதிரை. கரையில் முருங்கைமரம், கிணற்றில் வற்றாத நல்ல தண்ணீர். பிரசவத்துக்கு ஆள் வைக்காமல் பார்க்க ஏழு பேர் இருப்பது. ஒரு வீட்டில் உலை ஏறவில்லையென்றால் நான்கு வீட்டிலிருந்து குழம்பு போவது, அதில் யார் குழம்பு நன்றாக இருக்கும் என்பதில் ஒரு சண்டை. அந்தச் சண்டையையும் பெட்டி கேட்டுக்கொண்டது. மாலைக்குள் பத்தொன்பது. சனிக்கிழமை காலை கடலுக்குப் போகாத ஆண்களும் வந்தார்கள், அவர்கள் பெண்களைவிட மோசம். மதியம் முப்பத்தெட்டு. இரண்டரை மணிக்கு நாற்பத்தேழில் வந்து நின்றது.

தராசைச் செய்த நாட்டின் எண் நாற்பத்தொன்று.

கால் மணி நேரத்தில் ரகோத்தமனின் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தலைமையகத்துல கொதிக்கறாங்க. அத்தனையும் பொய் பரிதி.”

“இருக்கலாம் சார்.”

அவனும் அப்படித்தான் நினைத்தான். ஒருத்தியை ஒருத்தி மிஞ்சுவதற்காக ஏற்றிவிட்டது என்றுதான் அவனுக்கும் தோன்றியது.

“அப்ப எழுது. இந்த ரெண்டு நாள் பேச்சு நம்பத்தகாதது. அடிச்சுட்டா பழைய எண்ணே நிக்கும். சரிபார்ப்பாளர் போட்ட குறிப்பை யாரும் மாத்த முடியாது, விதி.”

“பழைய எண்ணும் இதே வாயிலேர்ந்து வந்ததுதானே சார்?”

ரகோத்தமன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

“இருக்குன்னு சொன்னா பொய். இல்லன்னு சொன்னா மட்டும் நிஜமா? நம்ம ஆளுங்க இல்லன்னு சொன்னா உடனே நம்பிடறாங்க சார், எல்லாரும். மூணு வருஷமா ஒரு தடவகூட தலைமையகத்துலேர்ந்து போன் வரல. இருக்குன்னு சொல்லி ரெண்டு நாள் ஆகல, கூப்பிட்டுட்டாங்க.” பதினோரு மாதத்தில் அவன் தொடர்ச்சியாகப் பேசிய நீளமான பேச்சு அதுதான். “வாய் பொய் சொல்லும்னா ரெண்டும் போச்சு. சொல்லாதுன்னா நாப்பத்தேழு. எது வேணும்னு கேட்டுச் சொல்லுங்க.”

“அஞ்சாவது ஊர் இல்லன்னா நாட்டுக்கு எண்ணே கிடையாது. புரியுதா?”

“புரியுது.”

“மத்த நாலும் கடற்கரை ஊர்தான். அங்கயும் இதே மாதிரி பேசியிருப்பாங்களேன்னு எவனாவது கிளப்புவான்.”

“கிளப்பட்டும்.”

“உன் வேலை போயிடும்.”

“என் மனைவிக்கு வேண்டிய மருந்து இந்த நாட்டுல இருந்துச்சு சார். பெட்டி பெட்டியா இருந்துச்சு. இல்லன்னு சொன்னாங்க, நானும் சரின்னு வந்துட்டேன்.” திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். “இன்னொரு தடவ ‘சரி’ போட மாட்டேன்.”

படிவத்தைத் திறந்தான். மூலம்: நம்பத்தகாதது. எந்த நாளிலிருந்து? மூன்று வருடத்துக்கு முந்தைய முதல் நாளின் தேதியை இட்டான். காரணம் என்ற கட்டத்தில், ‘இவர்கள் எங்களிடம் உண்மை சொல்ல வேண்டிய அவசியம் இல்லை’ என்று எழுதினான். கையெழுத்திட்டான்.

திரையில் நாற்பத்தேழு மறைந்தது. பதினொன்று புள்ளி நான்கு திரும்பி வரவில்லை. நாடுகளின் பட்டியலில் அவன் நாட்டின் பெயருக்கு எதிரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

ரகோத்தமன் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார். “ஏழையா, பணக்காரனா, ஒண்ணும் தெரியாது. இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லப்பா” என்றார். ஜீப்பில் ஏறும்போது அவர் முகத்தில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை இளம்பரிதிக்கு வேலை எதுவும் இல்லை. நூருன்னிசாவிடம் நீச்சல் கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு நடந்தான். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு வத்தைப் படகு நங்கூரமிட்டு மிதந்தது. சட்டையையும் போனையும் அதன் பலகையில் வைத்துவிட்டு, பக்கவாட்டைப் பிடித்தபடி தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தினான்.

காடு. பழுப்பும் பச்சையும் பொன்னுமாக, அலைக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து நிமிரும் காடு. அப்பால் சரிவில் கட்டக்கோரை எழும்பி நின்றது. இரண்டு ஆள் இல்லை, மூன்று ஆள் உயரம். அதன் கிளைகளுக்குள் மீன் குஞ்சுகள் புகையைப்போல் விரிந்து சுருங்கின. அவற்றில் ஒரு கூட்டம் அவனை உரசிப்போனபோது உடம்பெல்லாம் கூசியது. மூச்சு முட்டும்வரை பார்த்தான். எழுந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். அவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. கண் படும் என்ற பயத்தில் பாதியைத்தான் சொல்லியிருந்தார்கள்.

வத்தையின் பலகையில் போன் அடித்தது. ஈரக்கையால் எடுத்தான்.

“பரிதி, மாசக் கடைசி வரைக்கும் நீதான் சரிபார்ப்பாளர்” என்றார் ரகோத்தமன். “அதனால கேக்கறேன். தண்ணிக்கடியில போற கேமரா ஒண்ணு அனுப்பறாங்களாம். பேச்சே வேண்டாம், இருக்கறதை இருக்கற மாதிரி அளந்துடும். நீ ஒரு கோரிக்கை போட்டா போதும். அந்தப் பொம்பளைங்க சொன்னதுல நாலுல ஒரு பங்கு நிஜமா இருந்தாலும், நம்ம நாடு ஏழை இல்லன்னு நிரூபிச்சுடலாம்.”

“யாருக்கு சார் நிரூபிக்கணும்?”

 மறுமுனையில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

“அங்க ஏதாவது இருக்கா பரிதி?” ரகோத்தமனின் குரல் இறங்கியிருந்தது. அதில் இயக்குநர் இல்லை. “எனக்காகக் கேக்கறேன். சும்மா சொல்லேன்.”

“ஒரு நாள் வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க சார். அமாவாசையை ஒட்டி வாங்க. கண்ணாடி நான் வாங்கி வைக்கறேன்.”

போனைப் பலகையில் வைத்தபோது கரையிலிருந்து ஒரு கத்தல் வந்தது. இருதயமேரி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“தம்பீ! படிச்ச ஆளுதான நீங்க? இன்னைக்குக் கடலுக்கு ஓய்வுன்னு தெரியாது? குருத்து மேல நிக்கிறீகளே! வெளிய வாங்க!”

“வர்றேன்க்கா.”

“பார்த்து! பாசிய மிதிக்காம, மணல்ல கால வச்சு வாங்க!”

அவன் ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய காலை வைக்க ஒரு சாண் வெறும் மணல் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடிக்கொண்டே நின்றான்.